சின்னவர் திறந்த கூரை

பஸ் டிப்போவிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அவ்வப்போது அங்கே போய் உட்காராமல் என்னால் இருக்க முடிவதில்லை. போனால் இளசுகள் சும்மா விடமாட்டார்கள். "மேஸ்திரி, உங்க சர்வீஸ்ல உங்களுக்கே தண்ணி காட்டுன வண்டி எது?" என்று கிளறுவார்கள். மலைப்பாதையில் நின்றுபோன பஸ்ஸையோ, என்ஜின் வெடித்த லாரியையோ சொல்வேன் என்று அவர்களுக்கு எதிர்பார்ப்பு. "வண்டி இல்லப்பா, ஒரு வண்டியோட கூரை" என்பேன். உடனே சிரிப்பு. கூரையில் என்ன வேலை இருக்கிறது, ஒழுகினால் தார் பூச வேண்டியதுதானே என்பான் ஒருவன். போன தடவை ஒருத்தன் பொத்தானை அழுத்தினால் கண்ணாடி இறங்கும் காரைக் காட்டி, "இதெல்லாம் உங்க காலத்துல ஏது?" என்று கேட்டான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் எனக்குப் பேச்சு குழறும், அதனால் எழுதிவிடுகிறேன்.

என் நைனா கே.ஜி.கண்டிகையில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். எனக்கு மாட்டைக் கண்டால் பயம். அதனால் அரக்கோணத்தில் ஒரு மோட்டார் ஷெட்டில் சேர்ந்தேன். யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸின் முதுகில் கரி அடுப்பைக் கட்டி ஓட்டினார்கள் அல்லவா, அந்தக் கரியைக் கிளறியே என் வாலிபம் போயிற்று. அதில் சொல்ல வேறொன்றும் இல்லை. யுத்தம் முடிந்து, கல்யாணமும் முடிந்து, திருத்தணி பஜார் கோடியில் இருந்த யூசுப் பாய் ஷெட்டுக்கு வந்து சேர்ந்தேன். பஸ் டிப்போ வேலை அதற்கெல்லாம் பிறகு.

யூசுப் பாய் எனக்கு முதலாளி. வயதில் என்னைவிட இளையவர். பட்டாளத்து ஒர்க்ஷாப்பில் இருந்து பர்மா எல்லை வரை போய் வந்தவர். நான் அவரை 'பாய்' என்பேன், அவர் என்னை 'முனுசாமிண்ணே' என்பார். அந்த அண்ணனுக்கு வேலையில் ஒரு சலுகையும் கிடையாது.

அவர் வேலை செய்யும் விதமே தனி. வண்டி கொண்டுவருகிறவர்கள் எல்லாரும் கெட்டுப்போனதைப் பற்றித்தான் புலம்புவார்கள். பாய் அதைக் காதிலேயே வாங்கமாட்டார். "கடைசியா எப்ப நல்லா ஓடிச்சு? அப்ப இன்னா சத்தம் வந்துச்சு?" என்றுதான் கேட்பார். வண்டி சுகமாக இருந்த நாளைப் பற்றி, மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பற்றி விசாரிக்கிற மாதிரி விசாரிப்பார். பிறகு கையைக் கழுவிக்கொள்வார். எல்லாரும் வேலை முடிந்து கை கழுவுவார்கள், இவர் தொடங்கும்போதும் கழுவுவார். ஒரு வெள்ளைத் துணியை விரித்து, கழற்றுகிற சாமானை எல்லாம் கழற்றிய வரிசையிலேயே அதில் அடுக்குவார். ஸ்க்ரூ முடுக்குகிற திருப்புளியின் மரக்கைப்பிடியைக் காதில் வைத்து, நுனியை இரும்பில் ஊன்றி, கண்ணை மூடிக் கேட்பார். அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவன் பேசக்கூடாது. எனக்கு என்ஜினைத் தூக்குவதைவிட அதுதான் கஷ்டமாக இருந்தது.

சுதந்திரம் வந்து ஓரிரண்டு வருஷம் ஆகியிருக்கும். திருத்தணி அப்போது சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்தது. ஆடிக் கிருத்திகைக்கு ஒரு வாரம் இருக்கையில், காலையில் நாங்கள் ஷெட்டைத் திறக்கும்போதே கோவிந்தன் மூச்சிரைக்க வந்து நின்றான். கடலை எண்ணெய் மில் வைத்திருந்த கிஷ்டப்ப நாயுடு வீட்டு டிரைவர் அவன்.

"பாய், காரு டாப்பு பாதியில நின்னுகினு கீது. மேலயும் போவல, கீழயும் வரல. பெரியவரு கத்தி எடுத்துத் துணிய கீசிடலாம்ன்றாரு. சின்னவரு சாப்புடாத படுத்துகினு கீறாரு. நீங்க கெளம்புங்க."

அந்தக் காரை ஊரில் தெரியாதவர் கிடையாது. ஆந்திரப் பக்கம் சொத்தை விற்றுக்கொண்டிருந்த ஒரு ஜமீனிடமிருந்து நாயுடு வாங்கிய அமெரிக்கக் கார் அது. மேலே தகரத்துக்குப் பதில் கெட்டித் துணிக் கூரை. ஒரு ஸ்விட்சை இழுத்தால் அந்தக் கூரை தானாக எழுந்து, மடிந்து, பின்னால் போய்ப் படுத்துக்கொள்ளும். தள்ளினால் திரும்ப எழுந்துவந்து மூடும். முதன்முதலில் அதை நான் கடைத்தெருவில் பார்த்தேன். கையில் வாங்கிய டீயைக் குடிக்க மறந்துபோனேன். வண்டி ஓடுவதைப் பார்த்து எனக்கு ஆச்சரியம் வந்ததில்லை. ஓடுவது சக்கரத்தின் தொழில். ஆனால் யாரும் தொடாமல் ஒன்று எழுந்திருக்கிறது என்றால், அது உயிருள்ளதன் காரியம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். 

நாயுடு அந்தக் காரைத் தனக்காக வாங்கவில்லை. அவருடைய தம்பி சீனுவுக்காக வாங்கினார். வீட்டிலும் மில்லிலும் அண்ணன் பெரியவர், தம்பி சின்னவர். சின்னவர் வருஷம் தவறாமல் ஆடிக் கிருத்திகைக்குப் புஷ்பக் காவடி தூக்கி மலையேறுகிற ஆள். மில் கூரையில் ஓடு மாற்ற ஏறி விழுந்தார். அதிலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. முதுகெலும்பு போனதால் உட்காரவும் முடியாது, மட்டமாகப் படுத்தபடியே இருக்க வேண்டும் என்று மெட்ராஸ் டாக்டர் சொல்லிவிட்டார். கைகள் மட்டும் பழைய பலத்தோடு இருந்தன.

கட்டிலோடு தூக்கிக்கொண்டு போய் வெளியே காற்றாட வைக்கலாம் என்று வீட்டில் சொன்னபோது அவர் ஒரே பேச்சில் மறுத்துவிட்டார். "நாலு பேரு தூக்கிகினு போறதுக்கு இன்னும் நாளு கீது. இப்பவே பழக்கப்படுத்தாதீங்க." அதற்குமேல் யார் என்ன சொல்ல முடியும்? அப்புறம்தான் இந்தக் கார் வந்தது. பின்சீட்டை எடுத்துவிட்டு, முன்சீட்டில் பாதியை ரம்பத்தால் அறுத்து, நீளமாகப் பலகை போட்டு மெத்தை விரித்தார்கள். அந்தச் சீட்டை அறுத்ததை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. கூரையின் ஸ்விட்சுக்கு நீளமாக ஒயர் இழுத்து, அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் கொண்டுவந்து வைத்தார்கள்.

மூடிய காரில் மட்டமாகப் படுத்திருப்பவனுக்குத் துணியைத் தவிர வேறென்ன தெரியும்? கூரை திறந்தால் வானம் தெரியும், மரம் தெரியும், மலை தெரியும். அதைத் திறக்கிறவரும் அவரேதான். குளிப்பாட்டுவதற்கு, புரட்டிப் படுக்கவைப்பதற்கு, எல்லாவற்றுக்கும் இன்னொருவர் கையை எதிர்பார்க்கிற மனுஷன், தன் கையால் அசைக்கிற ஒரே பெரிய பொருள் அந்தக் கூரைதான். கிருத்திகையன்று சரவணப் பொய்கை பக்கம் காரைக் கொண்டுபோய் நிறுத்தி, காவடிகள் ஏறும் நேரத்தில் தானே கூரையைத் திறந்து மலையைப் பார்ப்பதாக அவர் முருகனிடம் நேர்ந்துகொண்டிருந்தார். கார் வந்தபின் வரும் முதல் ஆடிக் கிருத்திகை அது. அப்போது பார்த்துக் கூரை நின்றுவிட்டது.

காரை ஷெட்டுக்குக் கொண்டுவரவும் வழியில்லை. பாதியில் நின்ற கூரை வீட்டு வாசல் வளைவைவிட உயரமாக நின்றது. வேலையை நாயுடு வீட்டிலேயே செய்தாக வேண்டும். கார் நின்ற கொட்டகை, சின்னவர் படுத்திருந்த அறை ஜன்னலை ஒட்டி இருந்தது. நான் பார்த்ததும் எனக்குத் தோன்றியதைச் சொன்னேன்.

"பாய், டாப்ப தூக்கற ரெண்டு பக்கத்து ராடையும் கழட்டி உட்டுட்டா, நாலு பேரு சேந்து கையாலயே மடக்கிடலாங்க. கிருத்திகை முடியட்டும், அப்பால நெதானமா பாத்துக்கலாம்."

ஜன்னலுக்கு உள்ளேயிருந்து குரல் வந்தது.

"யாருப்பா அது? நாலு பேரு தூக்கறது, நாலு பேரு மடக்கறது. எனுக்கு வேற கணக்கே கெடையாதா? பாய், என் கையில தொறக்கற மாதிரி ஆவுமா ஆவாதா, அத மட்டும் சொல்லுங்க."

நாக்கைக் கடித்துக்கொண்டேன். பாய் ஜன்னலருகே போனார். "பாத்துட்டு சொல்றேங்க" என்றவர், வழக்கமான கேள்வியைக் கேட்டார். "கடைசியா எப்பங்க நல்லா வேல செஞ்சுது?"

வியாதியைப் பற்றியே எல்லாரும் கேட்கிற வீட்டில் இந்தக் கேள்வி சின்னவருக்குப் புதிது. தலையைத் திருப்பி உற்சாகமாகச் சொல்ல ஆரம்பித்தார். "சித்திரையில சரியா இருந்துச்சு. சத்தம்கூட ஒரே மாதிரி வரும். அப்பால எடது பக்கம் பின்தங்க ஆரம்பிச்சுது. சோத்தாங்கை பக்கம் முன்ன போவும், எடது பக்கம் யோசிச்சுகினு வரும். எங்கண்ணுக்கு நேரா நடக்குது, எனுக்குத் தெரியாதா?" பாய் ஒவ்வொன்றுக்கும் "ஆங்" என்று சொல்லி, கடைசிவரை கேட்டார். திரும்பி வரும்போது என்னிடம், "பாதி வேல முடிஞ்சுதுண்ணே. எடது சிலிண்டரு" என்றார்.

அந்தக் கூரை எழுவதற்குக் காரணம் எண்ணெய்தான். பின்னால் ஒரு சின்ன மோட்டார், அது ஓட்டுகிற ஒரு பம்ப், ஒரு எண்ணெய்த் தொட்டி. பக்கத்துக்கு ஒரு சிலிண்டர். பம்ப் தள்ளுகிற எண்ணெய் சிலிண்டருக்குள் போய் ஒரு பளபளப்பான ராடை வெளியே தள்ளும். அந்த ராடு கூரைச் சட்டத்தைத் தூக்கும். எண்ணெய் வெளியே கசியாமல் ராடைச் சுற்றி ஒரு ரப்பர் வாஷர் கவ்விக்கொண்டிருக்கும். சாதாரணமாக இதெல்லாம் சீட்டுக்குப் பின்னால் மறைவாக இருக்கும். இந்தக் காரில் சீட்டை எடுத்துவிட்டதால் ராடு இரண்டும் கண்ணுக்குத் தெரிந்தன.

பாய் கை கழுவினார். வெள்ளைத் துணியை விரித்தார். நான் இடது சிலிண்டரைக் கழற்றிக் கொடுக்க, அவர் ராடை உருவி, துணியில் வைத்துத் துடைத்தார். வெள்ளைத் துணி சிவந்துபோனது. துரு இல்லை, துருவின் நிறம் எனக்குத் தெரியும். ரத்தச் சிவப்பு. வாஷரின் இடுக்கில் அதே சிவப்போடு மஞ்சளாக ஏதோ காய்ந்து கெட்டியாகி, மணல்போல நறநறத்தது. பாய் முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். சந்தன வாசனை.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கோவிந்தன் சின்னவர்மேல் உயிரை வைத்திருந்தவன். அந்த இரண்டு ராடையும் 'காரோட கை' என்பான். எஜமானுக்குக் கையாக இருக்கிறதே என்று மாதா மாதம் வரும் ஒவ்வொரு கிருத்திகைக்கும் அதைத் துடைத்து, சந்தனம் பூசி, குங்குமம் வைத்துக் கும்பிட்டுவந்திருக்கிறான். கூரை ஏறி இறங்கும்போதெல்லாம் ராடு அந்தச் சந்தனத்தையும் குங்குமத்தையும் வாஷருக்குள் இழுத்துக்கொண்டு போய் ரப்பரை அறுத்திருக்கிறது. எண்ணெய் கசிந்து குறைந்திருக்கிறது.

கோவிந்தனும் அந்தத் துணியைப் பார்த்தான். அவன் முகம் செத்துவிட்டது. அதே நேரத்தில் பெரியவர் கொட்டகைக்குள் வந்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் கோபம் வந்தால் அந்த நிமிஷமே ஆளை வெளியே அனுப்பிவிடுவார், மறுநாள்தான் வருத்தப்படுவார்.

"இன்னா அது செவப்பா?"

"குங்..." என்று நான் வாயைத் திறந்தேன். பாயின் குதிகால் என் கட்டைவிரலை மிதித்தது. பட்டாளத்துக் குதிகால், இப்போது நினைத்தாலும் வலிக்கிறது.

"ரப்பரு அறுந்துடுச்சு நாயுடுகாரு. அதான் எண்ணெ கசிஞ்சிருக்குது" என்றார் பாய். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பிறகு தொட்டி மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தார். "இந்த எண்ணெ யாரு ஊத்துனதுங்க?"

"நான்தான் ஊத்தச் சொன்னேன்" என்றார் பெரியவர் பெருமையாக. "எண்ணெ மில்லு வெச்சிகினு எண்ணெய்க்கு மெட்ராஸ் போவணுமா? நம்ம மில்லு கடலெண்ணெ. மொத ஆட்டு."

வடை சுடுவதற்கு அதைவிட நல்ல எண்ணெய் இந்தத் தாலுகாவில் கிடையாது. ஆனால் அது பட்டு ரப்பர் ஊறிப் பருத்து, ராடை இறுக்கிப் பிடித்துவிட்டது. கூரை பாதியில் நின்றதற்கு அதுதான் கடைசிக் காரணம். பாய் அதையும் பணிவாகத்தான் சொன்னார். "ரொம்ப நல்ல எண்ணெங்க. ஆனா இந்த ரப்பருக்கு ஒத்துக்காது. வெளக்கெண்ணெ தான் ஒத்துக்கும்." பெரியவர் தாடையைத் தடவிவிட்டு, "அப்படியா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

புது வாஷர் வேண்டும். அமெரிக்காவிலிருந்து வர வேண்டிய சாமான். மெட்ராஸுக்குத் தந்தி அடித்துக் கேட்டதற்கு, கப்பலில் வரவழைக்க மாதக்கணக்காகும் என்று பதில் வந்தது. "ரப்பரு இல்லன்னா தோலு" என்றார் பாய். கைப் பம்புக்குத் தோல் வாஷர் போடுகிறோமே, அதுபோலத்தான். ஆனால் இங்கே எண்ணெய் தள்ளுகிற வேகம் என்ன, கைப் பம்பு என்ன. நான் நம்பவில்லை.

பாய் ராணிப்பேட்டையிலிருந்து நல்ல பதனிட்ட தோல் வரவழைத்தார். ஒரு தச்சரிடம் இரண்டு மர அச்சு கடையச் சொன்னார், ஒன்று குழி, ஒன்று முனை. தோலை வட்டமாக வெட்டி, தண்ணீரில் ஊறவைத்து, இரண்டு அச்சுக்கும் நடுவில் வைத்து போல்ட்டால் மெதுவாக முடுக்கினார். வேகமாக முடுக்கினால் தோல் கிழியும், விட்டால் சுருங்கும். அவர் முடுக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார், தோல் எந்த இடத்தில் முனகுகிறது என்று விரலாலேயே கேட்பார். நிழலில் காயவைத்துப் பிரித்தால், சின்னக் கிண்ணம்போல உதடு மடிந்த வாஷர். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வேண்டும். முதலிரண்டு கிழிந்தன. மூன்றாவது வந்தபோது உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு மாட்டின் தோல் இப்படி ஒரு பதவிக்கு வரும் என்று யார் நினைத்திருப்பார்கள்?

விளக்கெண்ணெய் செக்கடியில் கிடைத்தது. புதுத் துணியில் வடிகட்டினோம். ஆனால் வெறும் விளக்கெண்ணெய் கெட்டி, பம்ப் தள்ளாது. அதை இளக்க ஸ்பிரிட் கலக்க வேண்டும். மதுவிலக்கு வந்த காலம், ஸ்பிரிட் என்று வாயால் சொன்னாலே போலீஸ்காரர் திரும்பிப் பார்ப்பார். நாங்கள் கொட்டகையில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது சின்னவரின் மனைவி நாகம்மா ஜன்னலில் வந்து நின்றார். கணவருக்குப் படுக்கைப் புண் வராமல் இருக்க முதுகில் தேய்க்கிற ஸ்பிரிட் பாட்டில் கையில் இருந்தது. டாக்டர் எழுதிக்கொடுத்து, பர்மிட்டில் வாங்கியது.

"இது ஆவுங்களா?" என்றார்.

"ஆவும்மா. ஆனா அவருக்கு?"

உள்ளேயிருந்து சின்னவர், "ஊத்துங்க பாய். முதுகு பொறுத்துக்கும்" என்றார். நாகம்மா பாட்டிலைக் கொடுத்துவிட்டு உள்ளே திரும்பிவிட்டார். சின்னவர் விழுந்ததிலிருந்து அந்தம்மா அவர் பக்கத்தைவிட்டு எங்கும் போனதில்லை. கார் வெளியே போனாலும் கூடவே தலைமாட்டில் உட்கார்ந்திருப்பார்.

எல்லாவற்றையும் மாட்டுவதற்கு முன் பாய் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். மெல்லிய தோலில் ஆர்மோனியத் துருத்திபோல மடிப்பு மடிப்பாக இரண்டு உறை தைக்கச் சொன்னார். ராடை முழுக்க மூடி, ராடு நீளும்போது விரிந்து, குறுகும்போது மடிகிற உறை. தைத்தவன் நான். அதைச் சொல்லாமல் விடமாட்டேன். உறையின் மேல்முனையைப் பிடிக்க ஒரு பித்தளை வளையம் போட்டு, பாய் அதைத் தங்கமாகத் தேய்த்தார். பிறகு கோவிந்தனைக் கூப்பிட்டார்.

"கோவிந்தா, காரோட கைக்கு வளையலு போட்டாச்சு. இனிமே சந்தனம் குங்குமம் எல்லாம் இந்த வளையல்ல வை. கைக்கு உறை இருக்குது, நீ தொடவேணாம்."

கோவிந்தன் சட்டென்று குனிந்து பாயின் காலைத் தொடப் போனான். பாய் பின்வாங்கி, "அட, எழுந்திரிப்பா, வேல கெடக்குது" என்றார். எத்தனையோ பேர் வேலைக்காரனின் தப்பைக் கண்டுபிடித்துக் காட்டுவதைப் பார்த்திருக்கிறேன். பூசுகிறவனையும் நோகடிக்காமல், பூசுவதையும் நிறுத்தாமல், பூசுகிற இடத்தை மட்டும் மாற்றின ஆளை நான் வேறு பார்த்ததில்லை. எனக்கு அந்த மனுஷன்மேல் பயமே வந்துவிட்டது.

கிருத்திகைக்கு முந்தின நாள் பரீட்சை. எண்ணெய் ஊற்றி, என்ஜினை ஓடவிட்டு, நான் ஸ்விட்ச் பக்கம் போனேன். பாய் தடுத்தார். சின்னவர் வந்துதான் இழுக்க வேண்டுமாம். நாகம்மா வேண்டாம் என்றார், சட்டம் தலைக்குமேல் நிற்கிறதே என்று பயம். சின்னவர் கேட்கவில்லை. வீட்டு ஆட்கள் அவரைப் பலகையில் கிடத்திவிட்டு நகர்ந்தார்கள். பாய் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் சட்டத்தைத் தாங்கிக்கொண்டோம்.

"எங்க ரெண்டு பேருக்கும் கை காலியில்லைங்க. நீங்கதான் இழுக்கணும்" என்றார் பாய்.

சின்னவர் இழுத்தார். வலது பக்கம் துள்ளியது, இடது பக்கம் அசையவில்லை. சட்டம் முறுக்கிக்கொண்டு கிரீச்சென்றது. "உடு, உடு, உடைஞ்சிடப் போவுது, துணியக் கீசிட்டு வேலையப் பாருங்க" என்று பெரியவர் கத்தினார்.  பாய் அசையவில்லை. ஒரு கையால் சட்டத்தைத் தாங்கியபடியே மறுகையால் திருப்புளியை எடுத்துச் சிலிண்டரில் ஊன்றிக் காதை வைத்தார். "காத்து" என்றார். குழாயில் காற்று அடைத்திருந்தது. குழாய் மூட்டைக் கொஞ்சம் தளர்த்தச் சொன்னார். "சின்னவரே, கொஞ்சமா இழுங்க. போதும். இன்னும் கொஞ்சம். போதும்." ஒவ்வொரு தடவையும் மூட்டிலிருந்து நுரையாக எண்ணெய் வந்தது. அவர் சொல்லச் சொல்ல சின்னவர் இழுத்தார், நிறுத்தினார், இழுத்தார். முகமெல்லாம் வியர்வை. விழுந்ததற்குப் பிறகு அவர் செய்த முதல் வேலை அதுவாகத்தான் இருக்கும். நுரை நின்று சுத்தமான எண்ணெய் வந்ததும் மூட்டை இறுக்கினேன்.

"இப்ப முழுசா இழுங்க."

இரண்டு பக்கமும் ஒன்றாக எழுந்தன. சட்டம் எங்கள் கையைவிட்டுத் தானாகக் கிளம்பி, துணி மடிப்பு மடிப்பாக மடிந்து, பின்னால் போய் உட்கார்ந்தது. பெரியவர் கிட்டே வந்து மடிந்த துணியைத் தடவிப் பார்த்தார். நான் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன், தூக்கியது நானில்லை என்று நம்ப முடியாமல்.

மறுநாள் கிருத்திகை. விடியும்போதே ஊரெல்லாம் மஞ்சள் துணி, காவடி, அரோகரா. பெரியவர் குடும்பக் காவடியோடு மலைமேல் போய்விட்டார். ஏதாவது கோளாறு வந்தால் என்ன செய்வது என்று பாயும் நானும் காரோடு போனோம். பொய்கைப் பக்கம், படிகள் தெரிகிற இடமாகப் பார்த்துக் கோவிந்தன் காரை நிறுத்தினான். அவன் வைத்த சந்தனமும் குங்குமமும் பித்தளை வளையத்தில் பளிச்சென்று இருந்தன.

சின்னவர் ஸ்விட்சை இழுத்தார். கூரை எழுந்து மடிந்தது. பக்கத்தில் போய்க்கொண்டிருந்த காவடிக்காரர்கள் நின்றுவிட்டார்கள். ஆளில்லாமல் ஒரு கூரை திறப்பதையும், உள்ளே ஒருவர் படுத்தபடி மலையைப் பார்த்துக் கும்பிடுவதையும் கண்டு அவர்கள் போட்ட அரோகரா இருக்கிறதே, என் காது அடைத்துவிட்டது. சின்னவர் அழவில்லை. நெடுநேரம் பார்த்தார். பிறகு தலைமாட்டில் உட்கார்ந்திருந்த நாகம்மாவிடம் பேசினார்.

"நீ போய்ட்டு வா."

"எங்க?"

"மலைக்கு. சாமி பாத்துட்டு வா. எத்தினி வருசம் ஆச்சு."

"உங்கள உட்டுட்டா? வெயிலு வந்தா?"

"வெயிலு வந்தா நானே மூடிக்கறேன். அதுக்குத்தானே இத்தினி பாடு. கோவிந்தா, நீ அம்மாகூட போ. கூட்டத்துல தனியா உடாத."

நாகம்மா எங்களைப் பார்த்தார். நாங்கள் இருக்கிறோம் என்று நான் சொல்ல வந்தேன். பாய் என் கையைப் பிடித்து இழுத்தார். "வாங்கண்ணே, நமக்கு இங்க வேல இல்ல." என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, சின்னவரை அங்கே தனியாக விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் புளியமர நிழலுக்குப் போய்விட்டோம். எனக்கு மனசே இல்லை.

நாகம்மா செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் கால் வைத்தார். இரண்டு படி ஏறுவார், திரும்பிப் பார்ப்பார். இன்னும் கொஞ்சம் ஏறுவார், திரும்புவார். பின்னால் வருகிறவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள். அப்போது மேகம் விலகி வெயில் நேராகக் காருக்குள் விழுந்தது. நாகம்மா அதைப் பார்த்துவிட்டார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஏறுகிற கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு கீழே இறங்க ஆரம்பித்தார். நானும் எழுந்தேன். பாய் என் தோளை அழுத்தி உட்காரவைத்தார்.

காருக்குப் பக்கத்தில் உதவிக்கு ஒருவரும் இல்லை. கூரை மெதுவாக எழுந்தது. இரண்டு பக்கமும் ஒன்றாக வந்து, சின்னவர்மேல் கவிந்து, முன்கண்ணாடிச் சட்டத்தில் போய்ப் படிந்தது. தன் அறைக் கதவைத் தானே உள்ளேயிருந்து சாத்திக்கொள்வதுபோல அவர் அதை மூடிக்கொண்டார்.

நாகம்மா இறங்கிய படியிலேயே நின்றுவிட்டார். கொஞ்ச நேரம் அந்தக் காரைப் பார்த்தபடி நின்றார். பிறகு செருகிய முந்தானையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மலைப்பக்கம் திரும்பினார். உச்சி போகிறவரை அந்தம்மா ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.